முழங்கால் உயர அந்திமந்தாரை

திருப்பூரில் எங்கள் வீட்டுப் பின்புறம், பொடக்காளியில், அந்திமந்தாரையை யாரும் நட்டதாக நினைவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரம், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே தானாக முளைக்கும். இடுப்பு உயரம் வளரும். ஒரு மழை அடித்தால் நடைவழியில் சாய்ந்துவிடும். அம்மா வருடத்துக்கு இரண்டு தடவை பிடுங்கி எறிவார், அது மூன்றாவது தடவை முளைக்கும். பூச்செடி என்று அதை யாரும் மதித்ததில்லை.

எனக்கு மட்டும் அதன் மேல் ஒரு கண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து நான் வீடு வந்து சேர ஆறரை ஆகும். அந்நேரத்துக்குச் செம்பருத்தி சுருண்டிருக்கும், பத்துமணிப் பூ எப்போதோ மூடியிருக்கும். நான் வரும்போது விரிந்திருக்கிற ஒரே பூ இதுதான். மாடிப்படி ஓரத்தில் வரிசையாக எட்டு அங்குலத் தொட்டிகளில் வைத்துப் பார்த்தேன். இரண்டே மாதத்தில் எல்லாம் படியில் படுத்துக்கொண்டன. சரி, சாயாத குட்டைச் செடி ஒன்றை நாமே உண்டாக்கினால் என்ன என்று தோன்றியது. அதோடு நிறமும். பக்கத்து வீட்டில் இருப்பது சுத்தச் சிவப்பு, கோபிசெட்டிபாளையத்தில் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் இருப்பது மஞ்சள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆரஞ்சை எங்கள் பக்கம் நான் பார்த்ததே இல்லை.

2021 ஆடியில் ஆரம்பித்தேன். முடிக்க மூன்று வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் முழுக்க என் சொந்தத் தப்பால் போனது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பூ. நாம் இதழ் என்று நினைக்கிற நிறமான குழல் உண்மையில் புல்லிவட்டம். இந்தச் செடிக்கு இதழே கிடையாது. அதற்குக் கீழே பச்சைக் கிண்ணம் மாதிரி இருப்பது பூவடிச் செதில்கள். காகிதப்பூவும் இதே குடும்பம்தான், அங்கே அந்தச் செதில்களே நிறம் ஏறி நிற்கின்றன. குழலுக்குள் பெரும்பாலும் ஐந்து மகரந்தக் கம்பிகள், நடுவில் குண்டூசித் தலை மாதிரி, மகரந்தம் ஒட்ட வேண்டிய சூலகமுடி. அடியில் ஒரே ஒரு சூல். அதாவது ஒரு பூவுக்கு ஒரு விதை, மிளகு போலக் கருப்பாக. கத்தரியிலோ தக்காளியிலோ ஒரு பூவைக் கலப்புச் செய்தால் கை நிறைய விதை கிடைக்கும். இங்கே ஒவ்வொரு விதைக்கும் ஒரு தடவை குனிய வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சாயங்காலம் நாலரை ஐந்துக்குத் திறக்கும் பூ மறுநாள் காலை மூடுகிறபோது, கம்பிகளும் சூலகத் தண்டும் ஒன்றாகச் சுருண்டுகொள்ளும். பூச்சி ஒன்றும் வராவிட்டாலும் தன் மகரந்தத்தைத் தானே அப்பிக்கொண்டு விதை வைத்துவிடும். ஆகவே கலப்பு வேண்டுமென்றால் தாய்ச்செடியின் மொட்டைத் திறப்பதற்கு முன்பே பிரித்து, ஐந்து மகரந்தப் பைகளையும் எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி. சோறு தின்றுவிட்டு ஊரே படுத்திருக்கிற நேரம்.

அன்றைக்குத் திறக்கப்போகிற மொட்டு நீண்டு, நுனி பருத்து, மடக்கிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். நாளைக்குத் திறப்பது அதில் பாதிதான் இருக்கும். என் கருவி, கம்பெனியில் பிசிறு வெட்டுகிற டிரிம்மர். அதன் நுனியால் குழலின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். நகத்தால் விலக்கினால் ஐந்து கம்பிகளும் சுருட்டி வைத்த நூல் மாதிரி உள்ளே கிடக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் இரட்டைக் கடுகு போல ஒரு பை. பை மூடியிருந்தால் மட்டுமே அந்த மொட்டு உதவும், வெடித்திருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். ஒவ்வொரு பையாகக் கிள்ள வேண்டும், நடுத்தண்டைத் தொடக் கூடாது. அது மயிரிழை கனம்தான், நிறமும் கம்பியின் நிறமே. முதல் ஞாயிறு எட்டு மொட்டில் ஐந்தின் தண்டை அறுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரம் பனியனில் பிசிறு வெட்டுகிற கைக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. சூலகமுடி எப்போதும் கம்பிகளைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், முதலில் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்தில் கை வைத்தால் அறாது என்பது மூன்றாவது வாரம்தான் புரிந்தது.

பை எடுத்த மொட்டுக்கு மெஷ் துணிக் கழிவில் தைத்த சின்ன உறை. இல்லாவிட்டால் சாயங்காலம் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கிற பெரிய அந்துப்பூச்சி வந்து, எங்கேயோ எடுத்த மகரந்தத்தைத் தடவிவிட்டுப் போய்விடும். ஐந்தரைக்குச் சிவப்புச் செடியில் திறந்த பூ ஒன்றைப் பறித்து வந்து, உறையைத் தூக்கி, அதன் பைகளைச் சூலகமுடியில் தொட்டால் வேலை முடிந்தது. இந்தச் செடியின் மகரந்தம் மாவாக இருக்காது, தனித்தனி மணியாக வெறும் கண்ணுக்கே தெரியும். மெண்டல் பட்டாணியோடு நின்றுவிடவில்லை, இந்த அந்திமந்தாரையில் ஒரே ஒரு மகரந்த மணியை வைத்து விதை உண்டாகிறதா என்றும் சோதித்தார். உண்டானது. என் கண்ணுக்கு அந்த வேலை ஆகாது, நான் தாராளமாகவே தேய்த்தேன்.

அடையாளத்துக்கு ஓவர்லாக் மெஷினில் மிச்சமாகும் கலர் நூல். தகப்பன் செடி சிவப்பு என்றால் சிவப்பு நூல், மஞ்சள் என்றால் மஞ்சள் நூல். தொட்டிகளுக்குச் சைஸ் லேபிள். குட்டைச் செடிக்கு எஸ், நெட்டைக்கு எக்ஸ்எல். முதலில் விளையாட்டாகத்தான் கட்டினேன். பேனாவால் எழுதிய அட்டையெல்லாம் ஆடிக்காற்றிலும் மழையிலும் போய்விட்டது, நெய்த லேபிள் மட்டும் நின்றது.

தாய் மஞ்சள், தகப்பன் சிவப்பு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சள் செடி தனக்குத்தானே விதை வைத்திருந்தால் குட்டியும் மஞ்சளாகவே பூக்கும், என் கை தவறியது உடனே தெரிந்துவிடும். சிவப்பைத் தாயாக வைத்திருந்தால் பூக்கிற சிவப்பைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. தாயைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பார்த்தேன். அமுச்சி வீட்டு மஞ்சளில் இரண்டு வகை உண்டு. ஒன்று சுத்த மஞ்சள். மற்றது மஞ்சளில் சிவப்பைத் தெளித்த மாதிரி, ஒரே செடியில் ஒரு கிளையில் புள்ளி, இன்னொரு கிளையில் பாதிப் பூ சிவப்பு என்று பூக்கும். நிறத்தை ஆளும் மரபணு நிலையாக இல்லாமல் செடி வளரும்போதே மாறுவதால் வருவது அது. பார்க்க அழகு, கணக்குக்கு ஆகாது. சுத்த மஞ்சளையே எடுத்தேன்.

அமுச்சி பார்த்துவிட்டுச் சொன்னது: “ஏங்கண்ணு, வெத கீழ உழுந்தாலே மொளைக்கிற செடிக்கு இத்தன பாடா?”

31 பூ, 11 விதை, முளைத்தது 9. விதைத் தோல் கெட்டி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் எட்டு, பத்து நாளில் முளைக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் விதையைக் கவனமாக வைக்க வேண்டும். பார்க்க மிளகு, ஆனால் விஷம், கிழங்கும் அப்படித்தான். அந்த 9 செடியில் இரண்டு மஞ்சளாகவே பூத்தன. நாலு மணிக்கு அவசரமாகப் பிரித்த மொட்டுகளில் வந்தவை அவை. மற்ற ஏழும் கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. சிவப்பு கலந்த ஆரஞ்சு. மாலை வெளிச்சத்தில் உலையில் காய்ந்த இரும்பு மாதிரி இருந்தது. பீட்ரூட்டிலும் சிவப்புத் தண்டுக்கீரையிலும் இருக்கிற அதே சாய வகைதான் இந்தச் செடியிலும். அந்தக் குடும்பத்துச் சிவப்பும் மஞ்சளும் ஒரே பூவில் சேர்ந்தால் இப்படி ஒரு நிறம்.

இங்கேதான் தப்பு செய்தேன். ஏழு செடியும் ஒரே அச்சாக இருந்ததால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அவை தானாக வைத்த விதைகளைச் சேர்த்து, பாலிபேக்கில் பத்துப் பத்தாகப் போட்டு, ‘ஆரஞ்சு அந்திமந்தாரை’ என்று எழுதி, 2022 பொங்கலுக்குக் கம்பெனியில் பதினான்கு பேருக்குக் கொடுத்தேன். சித்திரையில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அயர்னிங் அக்கா, “தம்பி, எனக்கு மஞ்சளாத்தானுங்க பூத்திருக்குது” என்றார். கட்டிங் மாஸ்டர் வீட்டில் பாதி சிவப்பு. பேக்கிங்கில் ஒருவர், “பழைய ஸ்டாக்க தள்ளி உட்டுட்டியா?” என்று கேட்டார்.

என் வீட்டில் போட்ட 40 செடியையும் எண்ணினேன். 9 சிவப்பு, 21 ஆரஞ்சு, 10 மஞ்சள். பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தில் முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று ஒரு பாடம் வரும், உதாரணமே இந்த அந்திமந்தாரைதான். கார்ல் காரன்ஸ் சிவப்பையும் வெள்ளையையும் கலந்து இளஞ்சிவப்பு எடுத்த கணக்கு, அடுத்த தலைமுறையில் 1:2:1. பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். ஆரஞ்சு என்பது ஒரு சிவப்புப் பங்கும் ஒரு மஞ்சள் பங்கும் சேர்ந்து நிற்கிற நிலை. விதைக்குப் போகும்போது அந்தப் பங்குகள் பிரிந்துதான் போகும். எத்தனை தலைமுறை பொறுக்கினாலும் பாதிதான் ஆரஞ்சு வரும். நல்ல பூ ஒன்று கிடைப்பது வேறு, அதே பூ மறுபடியும் கிடைப்பது வேறு, இரண்டாவதுதான் ரகம். பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001 ஒரு புது ரகத்தில் பார்ப்பதும் இதையேதான்: மற்றதிலிருந்து வேறாக இருக்கிறதா, எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருக்கிறதா, அடுத்தடுத்த தலைமுறையிலும் அப்படியே நிற்கிறதா. என்னுடையது முதல் கேள்வியோடு நின்றுவிட்டது. கொடுத்த பதினான்கு பேரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அயர்னிங் அக்காவுக்கு மஞ்சளே பிடித்துப்போனது வேறு கதை.

இதைக் கோபியில் மாமாவிடம் புலம்பினேன். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் மஞ்சளும் வைக்கிறவர். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “கரும்புக்கு நாம என்ன வெதயா தூவறோம் மாப்ள? கரணையத்தான வெக்கிறோம். உன்ற செடிக்குத்தான் அடியில கெழங்கு இருக்குதே” என்றார்.

அவர் வயலில் நின்றது கோ 86032. கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் ரகம், ‘கோ’ என்பது கோயமுத்தூர்தான். கரும்பு நம் கோவையில் நன்றாகப் பூக்கிறது, அதனால் கலப்புச் செய்ய முடிகிறது என்பதுதான் நிலையம் இங்கே வந்ததற்கு ஒரு காரணம். ஆனால் கலப்பில் கிடைத்த அந்த ஒரு செடியை விதை போட்டு யாரும் பெருக்குவதில்லை, அதன் தண்டுத் துண்டான கரணையைத்தான் ஊர் ஊராக நடுகிறார்கள். விதை போட்டால் அதுவும் என் ஆரஞ்சு மாதிரி சிதறும். சின்ன வயதிலிருந்து கரணை வெட்டுவதைப் பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

கிழங்கு வேலை சுலபம் என்று நினைத்தேன். கருப்புத் தோல், முள்ளங்கி வடிவம், உள்ளே வெள்ளை. முதல் தடவை உருளைக்கிழங்கு மாதிரி துண்டு துண்டாக நறுக்கி நட்டேன். எட்டில் ஏழு அழுகியது. கழுத்துப் பகுதி ஒட்டியிருந்த ஒன்று மட்டும் துளிர்த்தது, கண் அங்கேதான் இருக்கிறது. அடுத்த தடவை மேலிருந்து கீழாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவிலும் கொஞ்சம் கழுத்து வருகிற மாதிரி பார்த்து, வெட்டில் அடுப்புச் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, விதை மஞ்சளை வைக்கிற மாதிரி நிழலில் மணலுக்குள் வைத்தேன். எட்டில் ஐந்து பிழைத்தது. தண்டை வெட்டி நட்டும் பார்த்தேன், பத்துக்கு ஒன்று. ஒரு கிழங்கு வருடத்துக்கு மூன்று, நாலு ஆகும், அவ்வளவுதான்.

நிறத்துக்கு வழி கிடைத்தது. உயரம் பாக்கி. குட்டைச் செடியை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அதே 2022இல் அவினாசி ரோட்டில் ஒரு பழைய குடோன் சுவரின் விரிசலில் ஒன்றரை அடியில் ஒரு சிவப்பு, நெருக்கமான கணுக்கள், கொத்தாகப் பூ. மண் இல்லாமல் சவலையாகிப்போன செடியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு விதையைப் பொறுக்கி வந்து நல்ல தொழு உரத்தில் போட்டேன், பக்கத்திலேயே அதே அளவுத் தொட்டியில் பக்கத்து வீட்டுச் சிவப்பு, ஒப்பிட்டுப் பார்க்க. முளைத்த மூன்றும் உரத்தைத் தின்றுவிட்டு அகலமாகத்தான் போயின, உயரவில்லை. ஒப்புச் செடி இடுப்பைத் தொட்டபோது இவை முழங்காலில் நின்றன. அப்போது சரி, இது பட்டினிக் குட்டை இல்லை, பிறவிக் குட்டை.

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள். தாய் நெட்டை மஞ்சள், தகப்பன் குட்டைச் சிவப்பு. 2023 தொடக்கத்தில் பூத்த குட்டிகள் எல்லாம் நெட்டை ஆரஞ்சு. இந்தத் தடவை நான் பதறவில்லை, யாருக்கும் விதை கொடுக்கவும் இல்லை. குட்டைக் குணம் மறைந்து நிற்கிறது, அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றாக வெளிவரும் என்று கணக்குப் போட்டேன். அதில் பாதி ஆரஞ்சு, அதாவது எட்டில் ஒன்று நான் கேட்ட செடி. பதினாறில் ஒன்று குட்டை மஞ்சள்.

அத்தனை செடிக்கு மாடிப்படி போதாது. எங்கள் போர் தண்ணீரும் உப்பு, நாற்றின் இலை ஓரம் கருகும். மாமாவின் தோட்டத்தில் கிணற்று மேட்டில் ஒரு பாத்தி கிடைத்தது. 71 விதை, 60 முளைத்தது. மூன்றாவது வாரம் ஒரு விடியற்காலை மயில்கள் இறங்கி ஒரு வரிசையைக் கிளறிப் போட்டன, எட்டு போனது. அடிக்கவும் முடியாது, விரட்டினால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டி மிச்சம் 52ஐக் காப்பாற்றினோம்.

பூப்பதற்கு வெகு முன்பே, ஆறாவது வாரத்திலேயே குட்டை தெரிந்துவிட்டது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே நெட்டையில் நாலு விரல் வைக்கலாம், குட்டையில் ஒன்றரை. எஸ் லேபிள் கட்டியது 12 செடிக்கு. பூத்தபோது 3 சிவப்பு, 6 ஆரஞ்சு, 3 மஞ்சள். அமுச்சி அந்த ஆறையும் பார்த்துவிட்டு, “இதென்ன கண்ணு, கோழிக்குஞ்சாட்ட உக்காந்திருக்குது” என்றார்.

ஆறிலும் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டேன். இரண்டின் கொம்பு மெலிவு, தொட்டாலே முறிந்தது. ஒன்று பூவை இலைக்குள் ஒளித்துவைத்தது. ஒன்றுக்கு மாவுப்பூச்சி தீரவே இல்லை. இன்னொன்று பூத்து முடித்த வேகத்தில் இலையை உதிர்த்துக் குச்சியாக நின்றது. மிச்சமிருந்ததன் கிழங்கைத்தான் இப்போது பிளந்து பெருக்குகிறேன்.

விதை வழியும் அடைபடவில்லை. குட்டைச் சிவப்பும் குட்டை மஞ்சளும் தனித்தனியாக நிலைத்துவிட்டன. உறை போட்டு எடுத்த விதை அதே நிறத்தில், அதே உயரத்தில்தான் வருகிறது. இரண்டையும் ஒவ்வொரு தடவையும் கலந்தால் வருகிற அத்தனையும் குட்டை ஆரஞ்சு. 2024இல் 18 விதை அப்படி எடுத்துப் பார்த்தேன், பூத்த 15ம் ஆரஞ்சு. கடையில் விற்கிற வீரிய ஒட்டு விதையும் இதே வேலைதான், தாயையும் தகப்பனையும் கம்பெனி வைத்துக்கொண்டு நமக்குக் குழந்தையை மட்டும் விற்கிறது. ஆனால் பூவுக்கு ஒரு விதை வைக்கிற செடியில் இப்படிக் கையால் மொட்டுப் பிரித்து வியாபாரம் செய்வது கட்டுப்படியாகாது. ஒரு பாக்கெட்டுக்குப் பத்து விதை என்றால், என் கைக்கு இருபத்தைந்து மொட்டாவது பிரிக்க வேண்டும். கேட்கிறவர்களுக்குக் கிழங்கே கொடுக்கிறேன்.

போன வைகாசியில் அமுச்சிக்கு ஒரு கிழங்கை எஸ் லேபிளோடு கொடுத்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறார். நன்றாகப் பூக்கிறது. ஆனாலும் செடிக்குச் சத்துப் பற்றவில்லை என்பது அவர் முடிவு. தினமும் கழனித்தண்ணியை மாட்டுக்குப் பாதி, அதற்குப் பாதி ஊற்றுகிறார். போகும்போதெல்லாம் நான் சொல்லிப் பார்க்கிறேன், “அது அவ்வளவுதானுங்க அமுச்சி வளரும்.”

“நீ சும்மா இரு சாமி. ஆடி போகட்டும், எந்திரிச்சுக்கும்.”